ராய்கிராஃப்டின் காறையெலும்பும் நாலாவது குதிரையும்

போன மாதம் எங்கள் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் ஒரு கதை வந்தது. 1960, ரோம் ஒலிம்பிக்ஸ். பில் ராய்கிராஃப்ட் என்ற 45 வயது ஆஸ்திரேலிய விவசாயி, போட்டியின் நடுவே குதிரையோடு விழுகிறார். காறையெலும்பு முறிகிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். மறுநாள் டாக்டர் பேச்சை மீறி எழுந்து வந்து, குதிரை ஏறி, ஒரு கட்டையைக்கூடத் தட்டாமல் அத்தனை தடைகளையும் தாண்டி, நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தருகிறார். கீழே பெரிய எழுத்தில் ஒரு உபதேசம். அதற்கும் கீழே வரிசையாகக் கைதட்டல் எமோஜிகள். நானும் ஒன்று போட்டேன், மறைக்கவில்லை.

அன்று ராத்திரி அந்தக் கதையின் மூலத்தைத் தேட உட்கார்ந்தேன். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். தேடியதில் கதை உண்மைதான். அவர் விழுந்தார், காறையெலும்பு முறிந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஓட்டினார், ஆஸ்திரேலியா தங்கம் வாங்கியது. ஆனால் சொல்கிறபோது இதில் எதை விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்தால், விட்டுப்போனதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். (என் குதிரை அனுபவம் மெரினாவில் ஒரே ஒரு சவாரியோடு முடிந்தது. எல்லாம் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டதுதான்.) இதற்கு ஈவென்டிங் என்று பெயர். ஒரே ஆள், ஒரே குதிரை, மூன்று சோதனைகள். முதலில் டிரஸ்ஸாஜ்: மணல் களத்தில் குதிரை சொன்னபடி நடந்து, திரும்பி, நின்று காட்ட வேண்டும். அடுத்து கிராஸ் கன்ட்ரி: மேடு, பள்ளம், குளம், மரக்கட்டை என்று பல கிலோமீட்டர் வேகமாக ஓடித் தாண்ட வேண்டும். கடைசியில் ஷோ ஜம்பிங்: தொட்டாலே விழுகிற வண்ணக் கட்டைகளைத் தாண்ட வேண்டும். குதிரைப்படை அதிகாரிகளுக்கு வைத்த பரீட்சைதான் விளையாட்டாக மாறியிருக்கிறது. அணிவகுப்பில் அடங்கி நிற்குமா, எதிரி நாட்டில் ஓடுமா, மறுநாள் காலை திரும்பவும் வேலைக்கு ஆகுமா. 1912 ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்ஸுக்கு வந்தது. நெடுங்காலம் ராணுவ அதிகாரிகளின் ஆட்டமாகவே இருந்தது.

மதிப்பெண் முறை நமக்குப் பழக்கமானதற்குத் தலைகீழ். எல்லாமே அபராதப் புள்ளி, குறைவாக வாங்கியவர் ஜெயிப்பார். இன்றைய கணக்கில், கிராஸ் கன்ட்ரியில் குதிரை ஒரு தடையில் தாண்ட மறுத்தால் 20. குறித்த நேரத்துக்கு மேல் ஒவ்வொரு நொடிக்கும் 0.4. ஷோ ஜம்பிங்கில் ஒரு கட்டை விழுந்தால் 4. அணியின் மதிப்பெண் என்பது ஆட்களின் மதிப்பெண்களைக் கூட்டியது.

இப்போது ரோமுக்குத் திரும்புவோம். அந்த வருஷம் ஒரு அணிக்கு நாலு பேர். அதில் சிறந்த மூன்று பேரின் புள்ளிதான் கணக்கு, நாலாவது கழிவு. ஆஸ்திரேலிய அணியில் லாரன்ஸ் மார்கன், நீல் லேவிஸ், ராய்கிராஃப்ட், பிரையன் க்ரேகோ. க்ரேகோவின் குதிரை பெயர் சேபர். கிராஸ் கன்ட்ரி முடிந்ததும் சேபரின் கால் பழுதாகி, போட்டியை விட்டு விலக வேண்டியதாயிற்று. மிச்சம் மூன்று பேர். மூன்று பேரும் முடித்தால்தான் அணி உண்டு. அதில் ஒருவர் ஆஸ்பத்திரியில்.

வாட்ஸாப் கதையில் சேபர் இல்லை. க்ரேகோவும் இல்லை. ஆனால் கதையை நகர்த்துகிற காரணமே அதுதான். சேபரின் கால் நன்றாக இருந்திருந்தால் ராய்கிராஃப்ட் படுக்கையில் படுத்தபடியே தங்கப் பதக்கச் செய்தியைக் கேட்டிருக்கலாம். அவர் எழுந்து வந்ததற்கு அவருடைய மன உறுதி எவ்வளவு காரணமோ, அவருக்குப் பின்னால் வேறு ஆள் இல்லாமல் போனதும் அவ்வளவு காரணம்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு இருந்த முறையில் மார்கன் +24.15, லேவிஸ் -16.50. ஆஸ்திரேலியாவின் மொத்தம் -128.18. அப்படியென்றால் ராய்கிராஃப்டின் பங்கு -135.83. இரண்டாம் இடத்து ஸ்விட்சர்லாந்து -386.02. இடைவெளி 257.84 புள்ளி! ஆகவே, அவர் கட்டை தட்டாமல் தாண்டியது பார்க்க அற்புதம்தான், ஆனால் தங்கம் அதனால் வரவில்லை. வழியில் சில கட்டைகள் விழுந்திருந்தாலும் ஆஸ்திரேலியாதான் ஜெயித்திருக்கும். அவரிடம் கணக்கு கேட்டது ஒன்றே ஒன்று: எப்படியாவது கடைசிக் கோட்டைத் தாண்டு. முறிந்த எலும்போடு ஒரு ஆளைக் குதிரை மேல் உட்கார வைத்தது அந்த ஒரு வரி விதி.

இதை எழுதும்போது அவரைக் குறைத்துச் சொல்வதுபோல் தொனிக்கிறதோ என்று சந்தேகம் வருகிறது. இல்லை. அந்த மனிதர் அதற்குப் பிறகும் நாலு ஒலிம்பிக்ஸ் ஓட்டினார். 1976 மான்ட்ரியாலில், 61 வயதில், மகன் வேனுடன் ஒரே அணியில் நின்று வெண்கலம் வாங்கினார். அதைச் சொல்லி ஒரு வாட்ஸாப் கதை இதுவரை எனக்கு வந்ததில்லை. எலும்பு முறியவில்லையே, யார் அனுப்புவார்கள்.

ரோமுக்கு முன்னாலேயே இந்தக் கதை ஒருமுறை நடந்திருக்கிறது. 1936, பெர்லின். அப்போது அணிக்கு மூன்றே பேர், மூன்று பேரும் கணக்கு, கழிவே கிடையாது. கிராஸ் கன்ட்ரியின் நாலாவது தடை ஒரு குளம். தாண்டி இறங்குகிற இடம் குதிரைகள் எதிர்பார்த்ததைவிட ஆழம், அடியில் சேறு. வரிசையாக விழுந்தன. அமெரிக்கக் குதிரை ஸ்லிப்பரி ஸ்லிம் அங்கே கால் முறிந்து, அதைக் கொல்ல நேர்ந்தது. ஜெர்மனியின் கான்ராட் ஃபான் வாங்கன்ஹைமும் அதே குளத்தில் விழுந்தார். காறையெலும்பு முறிந்தது. ஏறி, மிச்சத் தூரத்தையும் முடித்தார். மறுநாள் ஷோ ஜம்பிங்கில் குதிரை குர்ஃப்யூர்ஸ்ட் திரும்பவும் விழுந்தது, இந்தமுறை அவர் மேலேயே. திரும்பவும் ஏறினார். ஜெர்மனிக்குத் தங்கம்.

அந்த வருஷப் புள்ளிப் பட்டியலை அச்செடுத்து மேஜையில் வைத்திருக்கிறேன். எனக்கு அதைவிடச் சுவாரசியமான படிப்பு கிடையாது. ஜெர்மனியின் மொத்த அபராதம் 676.65. ஸ்டுபென்டார்ஃப் 37.70, லிப்பர்ட் 111.60, வாங்கன்ஹைம் 527.35. அதாவது அணியின் அபராதத்தில் முக்கால்வாசிக்கு மேல் நாயகனுடையது. புள்ளிக் கணக்கில் அவர் அணியிலேயே மோசம், நினைவுக் கணக்கில் அவர்தான் அணி. தனிநபர் தங்கம் வாங்கிய ஸ்டுபென்டார்ஃபின் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

அதே பட்டியலில் பிரிட்டன் 9195.5 புள்ளியோடு வெண்கலம் வாங்கியிருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஃபேன்ஷா என்ற கேப்டன் விழுந்தார், அவருடைய குதிரை போவி நைஃப் ஓட்டம் பிடித்தது, துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து முடிப்பதற்குள் 8754.2 அபராதம் ஏறிவிட்டது. ஆனாலும் முடித்தார். நாலாவதாக வந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்கு இன்னும் மோசம், பதினெட்டாயிரத்துக்கு மேல். அதற்கும் கீழே யாருமே இல்லை. மற்ற எந்த அணியாலும் மூன்று பேரையும் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை. சாஃப்ட்வேர்காரனுக்கு இது நன்றாகப் புரியும். மூன்று சர்வர், மூன்றும் ஓடினால்தான் சேவை, மாற்று கிடையாது என்று ஒருத்தர் வடிவமைத்துக் கொண்டுவந்தால் ரிவ்யூ மீட்டிங்கில் அவரைக் கிழித்துவிடுவோம். ஒன்று விழுந்தால் எல்லாம் போச்சு. விழுந்ததை எப்படியாவது தூக்கி நிறுத்த ராத்திரி இரண்டு மணிக்கு ஒருத்தன் ஓடுவான். மறுநாள் அவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், வடிவமைப்பைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

அந்தக் குளத்தை லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா' படத்தில் பார்க்கலாம். படம் 1938ல் வெளிவந்தது. நாஜி அரசு பின்னால் நின்று எடுக்க வைத்த படம் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் காமிரா வேலைக்காகச் சினிமாக்காரர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். குதிரைகள் தண்ணீரில் விழுகிற காட்சியை முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தொப்பென்று விழுகிறார்கள், தண்ணீர் தெறிக்கிறது, தொப்பியைத் தேடுகிறார்கள். மூன்றாவது முறை பார்த்தபோதுதான் நான் மனிதர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. குதிரை எப்படி எழுந்தது, எந்தக் காலை ஊன்றியது என்று கவனிக்கவே இல்லை. விழுந்தவன் எழுந்து ஏறியதும் அந்தக் கதை முடிந்ததாக மனசு எடுத்துக்கொள்கிறது. வாட்ஸாப் கதையும் இதே வெட்டில்தான் எழுதப்பட்டிருக்கிறது. ரோமில் ராய்கிராஃப்ட் ஏறிய குதிரையின் பெயர் அவர் சோலோ. அதுவும் முதல் நாள் அவரோடு சேர்ந்து விழுந்த குதிரைதான். அதன் பெயர்கூட அந்த மெசேஜில் இல்லை.

இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. கடைசி நாள் ஷோ ஜம்பிங்குக்கு முன்னால் குதிரைகளை நடக்கவும் ஓடவும் விட்டுப் பரிசோதிப்பார்கள். கால் தாங்கித் தாங்கி நடந்தால் வெளியே. குதிரையின் டாக்டர் வேண்டாம் என்றால் அது முடிவு. மனுஷனின் டாக்டர் வேண்டாம் என்றால் அது கதையில் ஒரு திருப்பம்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் ஒன்று இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால், வேறொரு கம்பெனியில், நாலு பேர் டீம். ஒருத்தன் வேலையை விட்டுப் போனான். அவன் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ரிலீஸ் வாரத்தில் எனக்கு டைபாய்டு. கையில் டிரிப்ஸ் ஊசி, மடியில் லேப்டாப், ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு ராத்திரி வேலை பார்த்தேன். ரிலீஸ் போயிற்று. அந்தக் காலாண்டுக் கூட்டத்தில் மேடையில் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் கேடயம் கொடுத்தார்கள், எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உன்ன விட்டா அங்க வேற ஆளே இல்லயா?" என்று கேட்டார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார் என்று புரிய எனக்கு இத்தனை வருஷமும் சேபர் என்ற ஒரு குதிரையும் தேவைப்பட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு நான் படுத்திருந்த வாரத்திலும் ஆள் எடுக்கவில்லை, கேடயம் கொடுத்த பிறகும் எடுக்கவில்லை. நான்தான் முடித்துக் கொடுத்துவிட்டேனே.

சரி, ஆட்டம் இன்றைக்கு எப்படி இருக்கிறது? இன்றைய விதிப்படி ராய்கிராஃப்ட் கதை நடக்கவே முடியாது. கிராஸ் கன்ட்ரியில் விழுந்தால் அங்கேயே வெளியே, திரும்ப ஏற அனுமதி இல்லை. மரணங்கள்தான் இந்தப் பக்கம் தள்ளின. சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவ் 1995ல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தது இந்த ஆட்டத்தில்தான், வர்ஜீனியாவில் ஒரு கிராஸ் கன்ட்ரி ஓட்டத்தில். 1999ல் பிரிட்டனில் மட்டும் ஒரே வருஷத்தில் ஐந்து பேர் செத்தார்கள். அதன்பின் ஹார்டிங்டன் பிரபு தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து 2000ல் அறிக்கை கொடுத்தது. அதன் சாரம் ஒற்றை வரிதான்: குதிரை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆள் மட்டும் தூக்கி எறியப்பட்டால் பிழைக்க வழி உண்டு. அசையாத கட்டையில் முன்னங்கால் இடித்துக் குதிரை தலைகுப்புறச் சுழன்று ஆள் மேலேயே விழுவதுதான் கொல்கிறது.

இதற்கு ஒரு நல்ல பொறியியல் விடை கண்டுபிடித்தார்கள். கட்டையைத் தாங்கும் முளையோ கொக்கியோ, குறிப்பிட்ட விசைக்கு மேல் அடி பட்டால் உடைந்தோ கழன்றோ கட்டையைக் கீழே விட்டுவிடும். குதிரை சுழல்வதற்கு வாய்ப்புக் குறையும். வீட்டு ஃப்யூஸ் மாதிரி. ஆனால் ஃப்யூஸ் போனால் ஓட்டியவருக்கு 11 புள்ளி அபராதம். டோக்கியோவில், 2021ல் நடந்த 2020 ஒலிம்பிக்ஸில், ஜெர்மனியின் மிகாயல் யுங் டிரஸ்ஸாஜில் 21.10 எடுத்து முதலிடத்தில் இருந்தார். கிராஸ் கன்ட்ரியில் ஒரே ஒரு கொக்கி கழன்றது. 11 ஏறிப் பதக்கமே இல்லாமல் எட்டாவது இடத்துக்குப் போனார். தங்கம் வாங்கிய யூலியா க்ராயெவ்ஸ்கியின் கடைசி மொத்தம் 26.00. (இந்த ஆட்டத்தில் தனிநபர் தங்கம் வாங்கிய முதல் பெண் அவர்.) அபராதமே வேண்டாம் என்றால் கட்டையை இடித்துக்கொண்டு போகிறவர்கள் வருவார்கள், அது புரிகிறது. ஆனாலும் எச்சரிக்கை மணி அடித்ததற்கே தண்டனை என்று வைத்தால் மணி அடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஆட்கள் பழகுவார்கள். நம் தொழிலில் இதை நிறையப் பார்த்திருக்கிறோம். 11 சரியா 5 சரியா என்று எனக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

எனக்கு முடிவு இருப்பது அடுத்த விஷயத்தில். விழுந்தவனைத் திரும்ப ஏற விடாத அளவுக்கு முன்னேறிய அதே ஆட்டம், டோக்கியோவில் நாலாவது ஆளை எடுத்துவிட்டது. அணிக்கு மூன்று பேர், மூன்றும் கணக்கு, டிராப் ஸ்கோர் கிடையாது. 1936க்கே திரும்பிப் போனது. சொன்ன காரணம், அதிக நாடுகள் கலந்துகொள்ள இடம் வேண்டும். காரணம் நியாயமானதுதான், நம்மைப்போன்ற நாடுகளுக்கு லாபமும்கூட. ஈடாக ஒரு மாற்று ஜோடியை வைத்துக்கொள்ளலாம், இறக்கினால் 20 அபராதம். கிராஸ் கன்ட்ரியை முடிக்காதவருக்கு 200. பெர்லினைப் போல அணியே வெளியேறுவதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 200 புள்ளி வாங்கிய அணிக்குப் பதக்கம் கனவுதான். 2024 பாரிஸில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் வாலர் கிராஸ் கன்ட்ரியில் விழுந்தார், அணிப் பதக்கம் அங்கேயே போயிற்று. அதே பாரிஸில் அதே யுங் அதே சிப்மங்க் குதிரையில் தனிநபர் தங்கம் வாங்கினார். உலக சாம்பியன்ஷிப்பில் இன்னும் நாலு பேர் முறைதான். ஒலிம்பிக்ஸில் மட்டும்தான் இந்தச் சிக்கனம்.

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். டோக்கியோவில் ஸ்விட்சர்லாந்தின் ஜெட் செட் என்ற குதிரை கிராஸ் கன்ட்ரியின் கடைசிப் பகுதியில் கால் தசைநார் அறுந்து, கருணைக்கொலை செய்யப்பட்டது. அதற்கும் மூன்று பேர் விதிக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை, போடவும் மாட்டேன். என் புகார் அதைவிடச் சின்னது. களைத்துவரும் குதிரையின் மேல் இருக்கிறவன், நிறுத்தலாமா என்று யோசிக்கிற அந்த அரை நிமிஷத்தில், பின்னால் ஒருத்தர் இருக்கிறார் என்ற நினைப்பு அவனுக்கு வேண்டும். நாலாவது ஆள் என்பது உண்மையில் நிறுத்துவதற்கான அனுமதி. அதை எடுத்துவிட்டு, விழுந்தால் ஏறாதே என்று மட்டும் சொல்வது பாதி வேலைதான்.

நம் ஊர் ஆள் ஒருவரும் அந்த டோக்கியோ களத்தில் இருந்தார். பெங்களூரின் ஃபவாத் மிர்ஸா, குதிரை செய்னர் மெடிகாட். அணி கிடையாது, தனி ஆள். டிரஸ்ஸாஜில் 28.00, ஒன்பதாவது இடம். ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை, கிராஸ் கன்ட்ரி. தாண்ட மறுத்ததோ விழுந்ததோ ஒன்றும் இல்லை. குறித்த நேரம் 7 நிமிஷம் 45 நொடி, அவர் எடுத்துக்கொண்டது 8 நிமிஷம் 13 நொடி. 28 நொடி தாமதம், நொடிக்கு 0.4 வீதம் 11.20. ஒன்பதாவது இடத்திலிருந்து 22க்கு இறங்கினார். அன்றைக்கு நம் பத்திரிகைகளில் பார்த்ததெல்லாம் அந்த இறக்கம்தான். நானும் வீட்டில் 'இன்னும் கொஞ்சம் விரட்டியிருக்கலாமே' என்று சொன்ன ஞாபகம். அந்த 28 நொடி எங்கே போனது, எந்தத் திருப்பத்தில் குதிரையை இழுத்துப் பிடித்தார், அது கணக்கா களைப்பா என்று ஒருத்தரும் எழுதவில்லை. மறுநாள் காலை மெடிகாட் பரிசோதனையில் தேறியது. ஷோ ஜம்பிங்கில் இரண்டு கட்டை விழுந்து 8 புள்ளி, 47.20, இருபத்தைந்தாவது ஆள். இறுதிச் சுற்றுக்கு எடுத்தது சரியாக 25 பேர். அதில் மூன்று கட்டையும் ஒரு நொடியும் சேர்ந்து 12.40 போய், 59.60 புள்ளியோடு 23வது இடம்.

இந்த எண்களை எல்லாம் தொகுத்து ஆபீஸ் குழுவில் போடலாமா என்று யோசித்து, கடைசியில் க்ரேகோ, சேபர் என்ற இரண்டு பெயரை மட்டும் எழுதி, 'அன்றைக்கு இவர்களுக்கு என்ன ஆச்சு தெரியுமா' என்று கேட்டுப் போட்டேன். எங்கள் டீமில் ஜனவரியிலிருந்து ஒரு இடம் காலி. மேனேஜர் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார்.